கியூபாவின் சர்க்கரையும் திருப்பூரின் பனியனும்

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதமாக உயர்ந்தது. அதில் பாதி, இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறது என்பதற்காகப் போடப்பட்ட தண்டனை வரி. எண்ணெய்க்கும் பனியனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அடி விழுந்தது திருப்பூரின் மீது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஊரிலிருந்துதான் போகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு.

அந்த நாட்களில் நம் மக்கள் பலரும் கேட்ட கேள்வி, "அமெரிக்காக்காரனுக்கு நம்ம மேல என்ன கோபம்?" என்பது. ஒரு நாட்டின் அரசு வேறு, அதன் மக்கள் வேறு என்பதை நாம் மறந்துவிடும்போது பிறக்கும் கேள்வி இது. இதற்கு விடை தேட வேண்டுமானால், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்க அரசின் பொருளாதாரத் தடையைச் சுமந்துவரும் கியூபாவின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

பகை இல்லாத தொடக்கம்

அமெரிக்காவின் ஃபுளோரிடா முனையிலிருந்து கியூபா வெறும் 150 கிலோமீட்டர் தூரம்தான். ஸ்பெயினின் ஆட்சிக்கு எதிராக கியூபா மக்கள் போராடியபோது, அந்தப் போராட்டத்தின் தலைவர் ஹொசே மார்த்தி சுமார் பதினைந்து ஆண்டுகள் நியூயார்க்கில் இருந்துதான் எழுதினார், பேசினார், நிதி திரட்டினார். ஃபுளோரிடாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்த கியூபத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு பங்கை விடுதலைப் போருக்குக் கொடுத்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த ஹென்றி ரீவ் என்ற அமெரிக்க இளைஞர், கியூபா விடுதலைப் படையில் சேர்ந்து போரிட்டு 1876-ல் உயிரை விட்டார்.

1898-ல் அமெரிக்க அரசு ஸ்பெயினுடன் போருக்குப் போய் வென்றது. கியூபாவிலிருந்து ஸ்பெயின் வெளியேறியது. அமெரிக்க ராணுவம் உள்ளே வந்தது. கியூபாவின் விவகாரங்களில் தலையிடும் உரிமையை 1901-ல் பிளாட் திருத்தம் என்ற சட்டத்தின் மூலம் அமெரிக்கா தனக்குத்தானே எழுதிக்கொண்டது. 1903-ல் குவாண்டநாமோ வளைகுடாவையும் குத்தகைக்கு எடுத்தது. 2002 முதல் நூற்றுக்கணக்கான முஸ்லிம்கள் விசாரணையின்றி அடைத்து வைக்கப்பட்ட அதே குவாண்டநாமோதான். குத்தகைப் பணமாக அமெரிக்கா அனுப்பும் காசோலைகளைக் கியூபா மாற்றுவதில்லை. நிலத்தைத் திருப்பிக் கொடு என்றே இன்றும் கேட்கிறது.

ஒரே பொருள், ஒரே சந்தை

கியூபாவின் உயிர்நாடி கரும்பு. சர்க்கரையில் பெரும்பகுதியை அமெரிக்காவே கோட்டா முறையில் வாங்கியது. உலகச் சந்தையைவிட நல்ல விலையும் கிடைத்தது. வேறு பயிரோ வேறு சந்தையோ தேட வேண்டிய தேவை எழவில்லை. கரும்புத் தோட்டங்களும் ஆலைகளும் பெருமளவு அமெரிக்க நிறுவனங்களின் கையில் இருந்தன. லாபம் வெளியே போனது, அறுவடை முடிந்த மாதங்களில் வெட்டுக்கூலிகள் வேலையின்றித் தவித்தார்கள்.

1959-ல் ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வென்றது. புதிய அரசு நிலச்சீர்திருத்தம் கொண்டுவந்து, அமெரிக்க நிறுவனங்களின் சொத்துகளை நாட்டுடைமையாக்கத் தொடங்கியது. 1960 ஜூலையில் அதிபர் ஐசனோவர் சர்க்கரை கோட்டாவை வெட்டினார். அக்டோபரில் உணவு, மருந்து தவிர்த்த ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 1962 பிப்ரவரியில் அதிபர் கென்னடி அதை ஏறத்தாழ முழு வர்த்தகத் தடையாக்கினார். பசியையும் விரக்தியையும் உண்டாக்கி மக்களை அரசுக்கு எதிராகத் திருப்புவதே வழி என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் 1960 ஏப்ரலிலேயே குறிப்பு எழுதியிருந்தார். அந்தக் குறிப்பு பின்னாளில் அமெரிக்க அரசாலேயே வெளியிடப்பட்டது.

வெட்டப்பட்ட கோட்டா வீணாகவில்லை. வேறு நாடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. கியூபா சோவியத் யூனியனிடம் சென்றது. 1991-ல் சோவியத் சிதறியதும் அந்தச் சந்தையும் மறைந்தது. 1970-ல் 85 லட்சம் டன் சர்க்கரை உற்பத்தி செய்த நாடு, அண்மை ஆண்டுகளில் சர்க்கரையை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்துவிட்டது.

இதற்கு முழுக் காரணமும் தடைதான் என்று சொல்வது நேர்மையாகாது. ஒரு கட்சி ஆட்சி, மாற்றுக் கருத்துக்கு இடமின்மை, தவறான திட்டமிடல் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. 1980-ல் மட்டும் சுமார் 1,25,000 கியூபர்கள் படகேறி அமெரிக்காவுக்குப் போனார்கள். ஆனால் அறுபது ஆண்டுத் தடை எந்த ஆட்சியை வீழ்த்தப் போடப்பட்டதோ அந்த ஆட்சி வீழவில்லை, வாடியது மக்கள்தான்.

மக்கள் விடாத கயிறு

அரசுகள் முறைத்துக்கொண்ட காலத்திலும் மக்கள் உறவு அறுபடவில்லை. 1960 செப்டம்பரில் ஐ.நா. கூட்டத்துக்கு வந்த காஸ்ட்ரோ, நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியின் தெரசா ஓட்டலில் தங்கினார். தெருவெங்கும் மக்கள் திரண்டு வரவேற்றார்கள். மால்கம் எக்ஸ் அங்கே சென்று அவரைச் சந்தித்தார். நம் பிரதமர் நேருவும் எகிப்தின் நாசரும் அதே ஓட்டலுக்குப் போனார்கள்.

2005-ல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, 1,500-க்கும் மேற்பட்ட மருத்துவர்களை அனுப்பத் தயார் என்றது கியூபா. அந்தக் குழுவுக்கு வைத்த பெயர் ஹென்றி ரீவ். அமெரிக்க அரசு ஏற்கவில்லை. ஆனால் ஹவானாவின் மருத்துவக் கல்லூரியில் ஏழை அமெரிக்க மாணவர்கள் இலவசமாகப் படித்துத் தங்கள் ஊருக்குத் திரும்பி மருத்துவம் பார்க்கிறார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1992-ல் இந்திய இடதுசாரிகள் மக்களிடம் திரட்டிய 10,000 டன் கோதுமை கப்பலில் கியூபா சென்றது. அதே ஆண்டு முதல் தடையை நீக்கக் கோரும் ஐ.நா. தீர்மானத்தை இந்தியா ஆதரித்து வருகிறது. 2024-ல் 187 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டுமே எதிர்த்தன.

ஒரே வேரில் இரு சட்டங்கள்

1963 முதல் கியூபா மீதான கட்டுப்பாடுகள் 1917-ம் ஆண்டின் 'எதிரியுடன் வணிகம்' சட்டத்தின் கீழ் நடக்கின்றன. அந்தச் சட்டத்திலிருந்து 1977-ல் கிளைத்ததுதான் பன்னாட்டு அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம். 2025-ல் இந்தியா மீது கூடுதல் வரி போட அதிபர் டிரம்ப் கையிலெடுத்தது இந்த இரண்டாவது சட்டத்தை. கியூபாவை முடக்கியதும் திருப்பூரை உலுக்கியதும் ஒரே வேரின் இரு கிளைகள்.

இந்த வரி முறையை எதிர்த்து அமெரிக்க நீதிமன்றங்களுக்குப் போனவர்களில் அந்நாட்டின் சிறு வணிகர்களும் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வரியைச் செலுத்துவது அமெரிக்க இறக்குமதியாளர். அவர் அதை நம் விலையில் குறைக்கச் சொல்வார், அல்லது தன் வாடிக்கையாளர் மேல் ஏற்றுவார். இரு பக்கமும் நசுங்குவது சாதாரண மக்கள்தான்.

திருப்பூர் எடுக்க வேண்டிய பாடம்

1925-ல் குலாம் காதர் முதல் பின்னலாடை ஆலையைத் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்த ஊர், நூறாண்டில் பல நெருக்கடிகளைத் தாண்டியது. ஆனால் 2025 ஆகஸ்டில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம், நமக்கு 50 சதவீதம் என்றபோது, வெட்டப்பட்ட சர்க்கரை கோட்டா இடம் மாறியதைப் போலவே ஆர்டர்களும் இடம் மாறும் அபாயம் வந்தது. ஒரே சந்தையை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை கியூபா நமக்கு முன்பே காட்டிவிட்டது. ஐரோப்பா, பிரிட்டன், வளைகுடா, உள்நாடு எனச் சந்தைகளை விரிப்பது இனி விருப்பம் அல்ல, கட்டாயம்.

பெரிய ஏற்றுமதியாளர் ஓர் ஆண்டு நட்டத்தைத் தாங்குவார். பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லரும், செக்கிங் செய்யும் பெண்ணும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வாடகை அறையில் தங்கியிருக்கும் தம்பியும் ஒரு சனிக்கிழமை சம்பளம் தவறினாலே தடுமாறுவார்கள். பஞ்சு இறக்குமதி வரியை ஒன்றிய அரசு 2025-ல் தற்காலிகமாக நீக்கியது ஆலைகளுக்கு உதவியது. ஆனால் ஷிப்ட் குறைந்த தொழிலாளியின் கையில் நேரடியாகச் சேரும் உதவி எது என்ற கேள்வியை நாம் விடாமல் கேட்க வேண்டும்.

அதே வேளையில், ஆட்சியாளர்களின் முடிவுக்காக ஒரு நாட்டு மக்களை வெறுக்கும் பேச்சுக்கும் நாம் இடம் கொடுக்கக் கூடாது. நாம் தைத்த சட்டையை அணிபவர் நம் எதிரி அல்ல. ஹார்லெம் மக்கள் 1960-லேயே இதைப் புரிந்துவைத்திருந்தார்கள்.