கடைசிப் பக்கத்தைப் படித்தீர்களா?

வெளிநாட்டு ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கும் ஒரு வரி

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு முன்பே, 1949-ல், இங்கிலாந்து கம்பெனி ஒன்றின் கூட்டுடன் அங்கே சைக்கிள் தொழிற்சாலை வந்துவிட்டது. பக்கத்தில் உள்ள ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது.

பெரிய ஆலைகளைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. போல்ட்டு, நட்டு, வால்வு, பல்சக்கரம் என்று கடைந்து கொடுத்தன. இன்று அம்பத்தூரில் கடையும் சாமான் கப்பல் ஏறிப் பல நாடுகளுக்குப் போகிறது.

வெளிநாட்டு ஆர்டர் என்றால் ஒப்பந்தப் பத்திரமும் கூடவே வரும். அதன் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இப்படி ஒரு வரி இருக்கலாம்: "இந்த ஒப்பந்தம் இங்கிலாந்து நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. வழக்கு வந்தால் லண்டன் கோர்ட்டில்தான் விசாரணை."

ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் பலர் அதைப் படிப்பதில்லை. வீட்டு நகையை அடகு வைத்து இரும்பு வாங்கியவருக்கு, பணம் வராதபோதுதான் அந்த வரி கண்ணில் படும்.

முந்திரிக்கொட்டை வழக்கு

கொல்லத்தில் ஒரு முந்திரிக் கம்பெனி. ஆப்பிரிக்காவில் கொட்டை வாங்கிக் கப்பலில் கொண்டு வந்தது. கொச்சியில் இறக்கியபோது மூட்டைகள் குறைந்தன. கம்பெனி கொச்சிக் கோர்ட்டில் வழக்குப் போட்டது.

கப்பல்காரர்கள் சரக்கு ரசீதை எடுத்துக் காட்டினார்கள். "தகராறு வந்தால் இங்கிலாந்து கோர்ட்டு" என்று அதில் அச்சிட்டிருந்தது. 1990-ல் சுப்ரீம் கோர்ட்டு, "அந்த நிபந்தனை செல்லும். கொச்சிக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை" என்று கூறிவிட்டது.

மூட்டை குறைந்தது கொச்சியில். நியாயம் கேட்க வேண்டிய இடமோ லண்டன்!

சுருக்கத் தீர்ப்பு என்பது என்ன?

வழக்கு என்றால் சாட்சி, குறுக்கு விசாரணை, வாய்தா என்று வருடக்கணக்கில் இழுக்கும். எதிராளியிடம் சொல்வதற்கு நியாயமே இல்லை என்றால், அவ்வளவு காலம் ஏன் காத்திருக்க வேண்டும்? இதற்காக ஏற்பட்டதுதான் சுருக்கத் தீர்ப்பு.

2015-ம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம் இதற்கு வழி செய்தது. முதலில் ஒரு கோடி ரூபாய் வழக்குகளுக்கு என்று இருந்தது. 2018-ல் அந்த வரம்பை 3 லட்சம் ரூபாயாகக் குறைத்தார்கள். சிறு பட்டறைக்காரருக்கும் கதவு திறந்தது.

எதிராளிக்குச் சம்மன் போன பிறகு, கோர்ட்டு விசாரணைக்கு உரிய பிரச்சினைகளை வகுப்பதற்கு முன்பு, மனுக் கொடுக்க வேண்டும். பதில் சொல்ல எதிராளிக்கு 30 நாள் உண்டு. அவர் ஜெயிக்க உண்மையான வாய்ப்பே இல்லை, முழு விசாரணைக்கு வேறு தக்க காரணமும் இல்லை என்று நீதிபதி கருதினால், சாட்சிகளைக் கூண்டில் ஏற்றாமலே தீர்ப்புக் கூறலாம்.

சட்டத்துக்கும் சாட்சி!

சரக்கு வாங்கிய கம்பெனிக்குச் சென்னையிலேயே கிளை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் "இங்கிலாந்து சட்டம்" என்று மட்டும் இருக்கிறது. "லண்டன் கோர்ட்டு" என்று இல்லை. பட்டறைக்காரர் இங்கேயே வழக்குப் போடுகிறார். சுருக்கத் தீர்ப்பும் கேட்கிறார்.

"இங்கிலாந்து சட்டப்படி நான் பணம் தர வேண்டியதில்லை" என்கிறது கம்பெனி. அப்படிச் சொன்னால் மட்டும் போதுமா?

போதாது. நம் நாட்டுச் சட்டம் நீதிபதிக்குத் தெரியும். பிற நாட்டுச் சட்டமோ, சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டிய ஒரு விஷயம். 2001-ல் ஒரு தேர்தல் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதை வலியுறுத்தியது. அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று மனுவிலேயே எழுத வேண்டும். அதை அறிந்த நிபுணரின் கருத்தோ, சட்டப் புத்தகமோ காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால், அதுவும் நம் சட்டத்தைப் போன்றதே என்று எடுத்துக்கொள்வது கோர்ட்டு வழக்கம்.

ஆனால் இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகச் சொல்லி, இரண்டிலும் நியாயம் இருந்தால்? அப்போது சுருக்கத் தீர்ப்புக் கிடைப்பது கடினம். முழு விசாரணைதான்.

லண்டன் தீர்ப்பும் சென்னை வழக்கும்

சரி, வெளிநாட்டில் அவசரமாகப் பெற்ற தீர்ப்பு இங்கே செல்லுமா? இதற்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. அதுவும் சென்னை வழக்கு.

கீமர் என்பவர், தமக்குப் பணம் வரவேண்டும் என்று விசுவநாத ரெட்டி மீது இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தார். "நான் அந்தக் கம்பெனியில் பங்காளியே அல்ல, பணமும் பாக்கி இல்லை" என்றார் ரெட்டி. ஆனால் கோர்ட்டு மூலம் எழுதிக் கேட்ட கேள்விகளுக்கு அவர் பதில் தரவில்லை. அதனால் அவருடைய எதிர்வாதத்தை நீக்கிவிட்டு, கீமருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது.

அந்தத் தீர்ப்பை வைத்துச் சென்னையில் பணம் கேட்டார் கீமர். வழக்கு பிரிவி கவுன்சில் வரை போயிற்று. "வழக்கின் நியாயத்தை ஆராய்ந்து கொடுத்த தீர்ப்பு அல்ல இது. ஆகவே இந்தியாவில் செல்லாது" என்று 1916-ல் முடிவு கூறினார்கள். இங்கிலாந்து கோர்ட்டின் தீர்ப்பு செல்லாது என்று சொன்னவர்கள், லண்டனில் அமர்ந்திருந்த நீதிபதிகளே!

அதற்காகத் தூங்கிவிடாதீர்கள்!

"சம்மனைக் கிழித்துப் போட்டால் தப்பலாம்" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எதிராளி வராவிட்டாலும், சாட்சியத்தைப் பார்த்து நியாயத்தை ஆராய்ந்து கொடுத்த தீர்ப்பு செல்லும்.

இங்கிலாந்து, சிங்கப்பூர் போன்ற நாடுகளின் உயர்ந்த கோர்ட்டுகள் தரும் பணத் தீர்ப்பை இங்குள்ள மாவட்டக் கோர்ட்டில் நேரடியாக நிறைவேற்றக் கேட்கலாம். 2020 முதல் ஐக்கிய அரபு நாடுகளும் இந்த வரிசையில் சேர்ந்தன. அமெரிக்கா, ஜெர்மனி நாட்டுத் தீர்ப்பு என்றால் இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும்.

ஆகவே பட்டறைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை நான்கு:

கையெழுத்துப் போடும் முன் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். புரியாவிட்டால் வக்கீலிடம் காட்டுங்கள்.

"இந்தியச் சட்டம், சென்னைக் கோர்ட்டு" என்று மாற்றித் தரும்படி கேளுங்கள். கேட்பதில் நஷ்டம் இல்லை.

ஆர்டர், சரக்குச் சீட்டு, "பணம் அனுப்புகிறோம்" என்று வந்த கடிதம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சுருக்கத் தீர்ப்புக்கு அவைதான் உயிர்.

வெளிநாட்டுச் சம்மன் வந்தால் அன்றைக்கே வக்கீல் வீட்டுக்குப் போங்கள்.

லேத்தில் மயிரிழை பிசகினாலும் சாமான் திரும்பி வந்துவிடும் என்று பட்டறைக்காரருக்குத் தெரியும். அளவு பார்க்கும் அதே கண்ணால் ஒப்பந்தத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டால், அடகு வைத்த நகை வீடு திரும்பும்.