கவுன்சிலர் இல்லாத சென்னை!

"ஓட்டுப் போட்டு என்ன சார் ஆகப் போவுது?" டீக்கடையில் தினமும் கேட்கிற பேச்சு. ஓட்டே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சென்னைவாசிகள் இரண்டு முறை பார்த்துவிட்டார்கள்.

முதல் தடவை 1973-ல். மஸ்டர் ரோல் ஊழல் புகாரில் மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-ல்தான். 23 வருஷம்! ஊழல் செய்தவனைப் பிடித்து உள்ளே போடலாம். ஊர் ஜனத்தின் ஓட்டு என்ன பாவம் செய்தது?

5 ஆண்டு முடிவதற்குள் நகராட்சி, மாநகராட்சித் தேர்தல் நடத்தியே ஆகவேண்டும் என்று 1993-ல் அரசியல் சட்டத் திருத்தமே வந்தது. ஆனாலும் 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்ததும் பழைய கதைதான்! அறிவித்த தேர்தலை ஐகோர்ட்டு ரத்து செய்தது. வழக்கு, வார்டு வரையறை என்று இழுத்து 2022 பிப்ரவரி 19-ந் தேதிதான் ஓட்டுப்பதிவு.

நடுவில் வர்தா புயல் அடித்தது. 2021 நவம்பரில் வெள்ளமும் வந்தது. வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்தால் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் சத்தம் போடலாம். "அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருவீங்கல்ல, அப்ப பாத்துக்கறோம்" என்று ஸ்பெஷல் ஆபீசரிடம் சொல்ல முடியுமா?

சரி, தேர்தல்தான் வந்துவிட்டதே! மாநிலம் முழுவதும் 100-க்கு 60 பேர் ஓட்டுப் போட்டார்கள். சென்னையில் 200 வார்டிலும் சேர்த்து 100-க்கு 44 பேர்கூட வரவில்லை.

அன்று சனிக்கிழமை. லீவும் விட்டிருந்தார்கள்!