பெற்றவர் மேல் விழும் பழி



தெருவில் ஒரு சிறுவன் கல்லெறிந்து அண்டை வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டால், "இவன் யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதான் முதலில் கேட்போம். "வளர்ப்புச் சரியில்லை" என்னும் தீர்ப்பு அதன்பின் தானே வந்துவிடும். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்னும் பழமொழி அதற்குச் சாட்சி சொல்லும். கண்ணாடியோடு போனால் பெருங்கேடில்லை. பிள்ளை பிறர் உயிரைப் பறித்துவிட்டால், அவனைப் பெற்றவர்களை எவ்வாறு நோக்குவது? அமெரிக்க மக்கள் இக்கேள்வியைப் பலமுறை சந்திக்க நேர்ந்தது. ஆதலின் அந்நாட்டு நிகழ்ச்சிகளைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

1999 ஏப்ரல் 20-ஆம் நாள், கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில், அப்பள்ளி மாணவர் இருவரே 12 மாணவரையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்று, பின் தம் உயிரையும் போக்கிக்கொண்டனர். அவ்விருவருள் ஒருவனின் தாய் சூ கிளீபோல்டு. அவர் கல்லூரியில் உடற்குறையுடைய மாணவர்க்கு உதவும் பணி பார்த்தவர். துப்பாக்கி வாங்கிக் கொடுத்தவர் அவர் அல்லர். சிறுவர்கள் பிறர் வாயிலாகப் பெற்றிருந்தனர். மகன் சாவை விரும்பித் தன் குறிப்பேடுகளில் எழுதி வந்ததை, அவன் இறந்த பிறகே தாய் அறிந்தார். தாயறியாச் சூல் இல்லை என்பர். சூலைப் பொறுத்தவரை அது மெய். பதினேழு வயதுப் பிள்ளையின் மனத்தைப் பொறுத்தவரை அன்று. ஓராண்டுக்கு முன் அவ்விருவரும் ஒரு வண்டியை உடைத்துத் திருடிப் பிடிபட்டதுண்டு. சீர்திருத்தத் திட்டம் ஒன்றில் சேர்க்கப்பட்டு, நன்னடத்தை காட்டியமையால், உரிய காலத்துக்கு முன்பே விடுவிக்கப்பட்டனர். பயிற்சி பெற்ற அலுவலர் கண்ணுக்கே புலப்படாதது, தாய்க்கு மட்டும் புலப்பட்டிருக்க வேண்டும் என்கிறோம்!

பள்ளிக்கருகில் ஒரு குன்றின் மேல் தச்சர் ஒருவர் 15 சிலுவைகளை நட்டார். மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தை, கொலையாளிகளுக்கென நட்ட இரண்டையும் அகற்றிவிட்டார். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அவ்விரண்டு சிலுவைகளுக்குப் பின்னாலும் பிள்ளையை இழந்த பெற்றோர் இருந்தனர். மற்றவர்களுக்காக ஊர் திரண்டு அழுதது. கிளீபோல்டு குடும்பத்தாரோ, புதைத்தால் கல்லறையை எவரேனும் சிதைப்பர் என்று அஞ்சி, மகனுடலை எரியூட்டினர்.

2016-இல் அத்தாய் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில், அன்று குண்டடிபட்டுக் கால்கள் செயலிழந்த பெண் ஒருவர், பலரும் படிக்கும்படி ஒரு மடல் எழுதி, அவர்மேல் தமக்குப் பகையில்லை என்று தெரிவித்தார். அந்தப் பழைய காயங்களின் விளைவாகவே 2025-இல் அப்பெண் இறந்தார் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

2006 அக்டோபரில் பென்சில்வேனியாவில், ஆமிஷ் என்னும் எளிய வாழ்வினரான கிறித்தவர்களின் ஓரறைப் பள்ளியில் ஒருவன் பத்துச் சிறுமியரைச் சுட்டான், ஐவர் இறந்தனர். அவன் 32 வயதினன். எனினும் அவனுக்கும் தாய் தந்தையர் உண்டு. ஆமிஷ் மக்கள் அவர்கள் வீட்டுக்கே சென்று ஆறுதல் கூறினர். அவன் அடக்கத்துக்கும் வந்து நின்றனர். பின்னாளில் அத்தாய், அன்றைய காயத்தால் பேசவும் நடக்கவும் இயலாத ஒரு சிறுமியின் வீட்டுக்கு வாரந்தோறும் சென்று பணிவிடை செய்து வந்தார்.

இரக்கம் கொள்வதென்றால் பெற்றோரை எதற்குமே வினவலாகாது என்று கொள்ளற்க. 2021 நவம்பரில் மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்போர்டு உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் ஒருவன் நான்கு மாணவரைக் கொன்றான். நான்கே நாளுக்கு முன் அவனுக்குக் கைத்துப்பாக்கி வாங்கித் தந்தவர் தந்தை. சம்பவத்தன்று காலையில், அவன் துப்பாக்கிப் படம் வரைந்து உதவி வேண்டும் என்று எழுதியிருந்ததைப் பள்ளியார் பெற்றோரை அழைத்துக் காட்டினர். அவர்களோ துப்பாக்கியைப் பற்றி வாய் திறக்கவில்லை. மகனை வீட்டுக்கு அழைத்துச் செல்லவும் இல்லை. 2024-இல் தாய் தந்தை இருவரும் தனித்தனியே குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, பத்து முதல் பதினைந்து ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றனர். இத்தீர்ப்பு எனக்கு உடன்பாடே. அவனைப் பெற்ற குற்றத்துக்காக அவர்களை எவரும் தண்டிக்கவில்லை. கையிலிருந்ததைச் செய்யாமல் விட்டதற்காகத் தண்டித்தனர். கிளீபோல்டு அம்மையாரிடம் இத்தகைய செயல் எதுவும் காணப்படவில்லை. ஊர்ப்பேச்சு இவ்வேறுபாட்டை நோக்குவதே இல்லை.

நோக்காமையால் விளையும் தீங்கை ஆசிரியர் நன்கு அறிவர். தலைமையாசிரியர் அறைக்கு அழைக்கப்படும் பெற்றோர் பலர், "வீட்டில் அவன் பசு, ஐயா" என்றே தொடங்குவர். கதவை உதைப்பதையும், தம்பியை அடிப்பதையும், இரவெல்லாம் உறங்காதிருப்பதையும் மறைப்பர். சொன்னால் 'வளர்ப்புச் சரியில்லை' என்னும் சொல் வரும் என்ற அச்சந்தான் காரணம். உதவி கேட்க வேண்டிய வாய் இவ்வாறு அடைபட்டுப் போகிறது. மருத்துவரிடம் போவதும் மாதக்கணக்கில் தள்ளிப் போகிறது.

அவ்வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருக்கக் கூடும். அண்ணன் செய்த குற்றம் செய்தித்தாளில் வந்த சில நாட்களில் அவன் பள்ளிக்குத் திரும்புவான். உங்கள் வகுப்பில், உங்கள் பலகையில்தான் அமர்வான். அன்று அவனிடம் பேசப்படும் முதற்சொல் ஆசிரியர் காதுக்கு எட்டுவதில்லை; அதைப் பேசப் போகிறவர்கள் நீங்கள்.