மாதேரானில் ஒரு பகல்



கிங்ஸ் சர்க்கிளில் வாழும் நம்மில் பலருக்கு மே மாத விடுமுறை என்றால் சொந்த ஊர்தான். ஊருக்குச் செல்ல இயலாத ஆண்டில் ஒற்றை அறையில், மின்விசிறியின் கீழ் கோடை கழிந்துவிடும். உல்லாசப் பயணம் விசுவாசிகளுக்குத் தகுமா என்று தயங்குவோரும் நம் சபைகளில் உண்டு. ஆனால் சாப்பிடவும் நேரமின்றி ஊழியம் செய்த சீஷரைத் தனிமையான இடத்திற்கு அழைத்து, சற்றே இளைப்பாறச் சொன்னவர் நம் ஆண்டவரே (மாற்கு 6:31).

2019 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, என் கணவரின் நண்பர் மாதேரானிலுள்ள தம் குடும்பத்தின் கோடை வீட்டிற்கு எங்களை அழைத்தார். தாதரில் கர்ஜத் ரயில் ஏறி, நேரலில் இறங்கி, வாடகைக் காரில் தஸ்தூரி நாக்கா சென்றோம். சுற்றுலா வாகனங்கள் அதற்கு மேல் செல்வதில்லை.

1850-இல் தானே மாவட்ட ஆட்சியர் ஹியூ மாலட் இம்மலையைக் கண்டுபிடித்தார் என்பார்கள். ஆதிவாசிகள் அதற்கு முன்பே அங்கே வாழ்ந்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை! பின்னர் பம்பாய்ச் செல்வந்தர்கள் பங்களாக்கள் கட்டினார்கள். 1907-இல் ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தாரின் முயற்சியால் சிறு ரயிலும் வந்தது.

நாக்காவிலிருந்து நடக்க வேண்டும். என் மாமியாருக்கோ முழங்கால் வலி. கைரிக்‌ஷாக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் முன்னால் இழுக்க, இருவர் பின்னால் தள்ளுவார்கள். “மனுஷன் இழுத்து நான் போகவா? வேண்டாம்மா” என்று அத்தை என் தோளைப் பற்றிக்கொண்டு, செம்மண் பாதையில் நின்று நின்று நடந்தார்கள். அத்தை ஏறாவிட்டால் அம்மூவருக்கும் அந்தக் கூலி இல்லையே என்று என் கணவர் வழியெல்லாம் வருந்தினார். இருவர் சொன்னதும் நியாயமே. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கம் மனித மாண்புக்கு விரோதமானது என்று கண்டித்து, ஆறு மாதத்திற்குள் நிறுத்தவும், இழுப்போருக்கு இ-ரிக்‌ஷா மூலம் பிழைப்புக்கு வழிசெய்யவும் உத்தரவிட்டது. அத்தையின் மறுப்பும் என் கணவரின் கவலையும் அந்த ஒரே உத்தரவில் இருந்தன.

நண்பரின் வீட்டில் ஆடம்பரம் ஏதுமில்லை. ஓட்டுக்கூரை, அகன்ற வராந்தா, சுற்றிலும் மரங்கள். சூனேம் ஊராள் எலிசாவுக்கென ஆயத்தம்பண்ணிய அறையிலும் கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு மட்டுமே இருந்தன (2 இராஜாக்கள் 4:10). மதிய உணவுக்குப் பின் நண்பரின் மனைவி அத்தைக்குக் கட்டிலை விரித்துக் கொடுத்தார். பிள்ளைகள் குரங்குகளை வேடிக்கை பார்க்க ஓடினார்கள். பம்பாய்க்கு வந்து முப்பது ஆண்டுகளில் பகலில் தூங்கியறியாத அத்தை, அன்று இரண்டு மணி நேரம் தூங்கினார்கள். யாரும் எழுப்பவில்லை. மறுநாள் ஆராதனை இருந்ததால் ஐந்து மணிக்கெல்லாம் புறப்பட்டோம்.