பாட்டுக்கும் வாடகையா?

காலை ஆறு மணி. அம்மா அடுப்படியில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரத்தில் செல்போன் பாடிக்கொண்டிருந்தது.

திடீரென்று பாட்டு நின்றது. ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "இந்த சோப்பை வாங்குங்கள்" என்றது. அடுத்தாற்போல் ஒரு பாட்டு வந்தது. ஆனால் அது அம்மா கேட்ட பாட்டு அல்ல!

"ஏம்ப்பா, இது என் பாட்டு இல்லையே!" என்று அம்மா கூப்பிட்டார்.

செல்போனை எடுத்துப் பார்த்தேன். விஷயம் புரிந்தது. பாட்டு ஆப்புக்கு மாதச் சந்தா கட்டுவது என் தம்பி. அவனுடைய பேங்க் கார்டு மாறிவிட்டது. அதனால் அந்த மாதப் பணம் போகவில்லை. உடனே, எங்களை இலவசக் கணக்குக்குத் தள்ளிவிட்டார்கள். இலவசம் என்றால், கேட்ட பாட்டு கிடைக்காது. கிடைத்த பாட்டைத்தான் கேட்கவேண்டும். நடுநடுவே விளம்பரமும் வரும்.

சரி, பணத்தைக் கட்டிவிடலாம் என்று போனால், சந்தா ஏறியிருந்தது.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "மூணு வருசமா பணம் கட்டினோமே. அந்தப் பாட்டெல்லாம் நம்ம பாட்டு இல்லையா?"

இல்லை. அதுதான் சங்கதி.

அப்பாவின் கேசட்

அம்மாவின் பட்டியலில் 64 பாட்டுகள் இருந்தன. எல்லாம் அப்பா தேர்ந்தெடுத்த பாட்டுகள்.

அப்பா இளைஞராக இருந்தபோது, ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வெறும் கேசட் ஒன்றும், பாட்டுகளின் பெயரை எழுதிய தாளும் கொடுத்தால் போதும். நாலு நாள் கழித்துப் பதிவு செய்து தருவார்கள். 60 நிமிஷ கேசட்டில் பக்கத்துக்கு ஆறு அல்லது ஏழு பாட்டு பிடிக்கும். அப்பா சைக்கிளில் போய் ஐந்து கேசட் பதிவு செய்து வந்தார். கேசட் அட்டையில் பாட்டுகளின் பெயரைத் தன் கையால் வரிசையாக எழுதிவைத்தார்.

(பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ அந்தக் கடைக்காரர்கள் காலணா கொடுத்தது இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

அப்பா காலமாகி ஐந்து வருடம் ஆகிறது. டேப் ரிக்கார்டரும் பழுதாகிப் பரணுக்குப் போய்விட்டது. தம்பி அந்த அட்டைகளைப் பார்த்து, அதே வரிசையில் ஆப்பில் பட்டியல் போட்டுக் கொடுத்தான். அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தப் பட்டியல்தான் அன்று காலையில் மறைந்து போயிற்று.

நாய் மார்க் பிளேட்

பாட்டை விலைக்கு வாங்கி வீட்டில் வைப்பது, நம் நாட்டில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். கிராமபோன் கம்பெனி 1908-ல் கல்கத்தாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை வைத்தது. குழாயின் முன்னால் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் நாயின் படம் போட்ட பிளேட்டுகளை நம் தாத்தாக்கள் பார்த்திருப்பார்கள்.

ஒரு பிளேட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிஷப் பாட்டுதான் பிடிக்கும். சாவி கொடுக்கவேண்டும். ஊசி மாற்றவேண்டும். ஆனாலும் கே. பி. சுந்தராம்பாளின் குரலும், தியாகராஜ பாகவதரின் குரலும் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தன.

பணம் கொடுத்து பிளேட்டைக் கொண்டுவந்தால், கடைக்காரருக்கும் நமக்கும் அதோடு கணக்குத் தீர்ந்தது. மகனுக்குக் கொடுக்கலாம். மகளுக்குச் சீராக அனுப்பலாம். கம்பெனியே மூழ்கிப் போனாலும் பிளேட் பாடும். பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கேசட்டைக் கொண்டுவந்தது. 1982-ல் சி.டி. வந்தது. அவையும் அப்படியே.

சந்தா ஏறிய கதை

எங்கள் வீட்டு ஆப் எது என்பது இருக்கட்டும். இந்தத் தொழிலில் பெரிய கம்பெனியான ஸ்பாட்டிபையின் கதையைக் கேளுங்கள்.

சுவீடன் நாட்டில் பிறந்த கம்பெனி இது. 2008-ல் பாட்டுச் சேவையைத் தொடங்கியது. 2011-ல் அமெரிக்காவுக்குப் போயிற்று. அங்கே ஓர் ஆளுக்கு மாதச் சந்தா 9 டாலர் 99 சென்ட். பன்னிரண்டு வருடம் அந்த விலை அசையவில்லை. ஜனங்கள் பழகிவிட்டார்கள். 2023-ல் ஒரு டாலர் ஏற்றினார்கள். 2024-ல் இன்னொரு டாலர். 2026-ல் இன்னும் ஒன்று. ஆகமொத்தம் 12 டாலர் 99 சென்ட்!

நம் நாட்டுக்கு அது வந்தது 2019 பிப்ரவரியில். அப்போது மாதம் 119 ரூபாய். 2025 நவம்பரில் சந்தாவை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். 139 ரூபாய், 199 ரூபாய், 299 ரூபாய். குறைந்த விலைக்குக் குறைந்த வசதி.

ஏன் ஏற்றுகிறார்கள்? அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. வருகிற பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பாட்டின் உரிமை வைத்திருப்பவர்களுக்குப் போகிறது. பல வருடம் அந்தக் கம்பெனி நஷ்டத்தில்தான் ஓடியது. முழு ஆண்டுக் கணக்கில் முதல் முதலாக லாபம் கண்டது 2024-ல்தான்.

ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் பாட்டுப் பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியல். அதை விட்டுவிட்டுப் போக மனம் வருமா? வாடகை வீட்டில் முருங்கை நட்டு வளர்த்தவர், வீட்டுக்காரர் ஐம்பது ரூபாய் ஏற்றினால் முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கத்தான் செய்வார்.

பூட்டிய பாட்டு

"நான் டவுன்லோடு செய்து வைத்திருக்கிறேன். எனக்கு என்ன பயம்?" என்று சிலர் கேட்பார்கள்.

அந்தப் பாட்டு உங்கள் செல்போனில் இருப்பது உண்மை. ஆனால் பூட்டிய பெட்டியில் இருக்கிறது. சாவி கம்பெனியிடம்! ஸ்பாட்டிபையில் டவுன்லோடு செய்த பாட்டு தொடர்ந்து ஓடவேண்டுமானால், 30 நாளுக்கு ஒரு தடவையாவது செல்போனை இன்டர்நெட்டில் சேர்க்கவேண்டும். சந்தாவை நிறுத்தினால் அந்தப் பாட்டு ஓடாது.

சந்தா ஒழுங்காகக் கட்டினாலும் பாட்டு காணாமல் போவது உண்டு. பழைய கிராமபோன் கம்பெனிதான் இன்று சரிகம என்ற பெயரில் இருக்கிறது. பழைய சினிமாப் பாட்டுகளில் ஏராளமானவை அவர்களுடைய சொத்து. 2019-ல் ஸ்பாட்டிபை இந்தியாவுக்கு வந்ததும், உரிமை விஷயத்தில் இரண்டு கம்பெனிகளுக்கும் தகராறு. வழக்கு டெல்லி ஐகோர்ட்டுக்குப் போயிற்று. சரிகமவின் பாட்டுகளை எடுத்துவிடுவதாக ஸ்பாட்டிபை ஒப்புக்கொண்டது. 2020 ஜூன் மாதத்தில்தான் ஒப்பந்தம் ஏற்பட்டது. இடையில் ஒரு வருடம்! பணம் கட்டியவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

கடையைக் கட்டியவர்களும் உண்டு. ஏர்டெல்லின் 'விங்க்' ஆப் 2014-ல் தொடங்கியது. 2024-ல் மூடினார்கள். 'ரெஸ்ஸோ' என்ற ஆப்பும் அதே வருடம் ஜனவரியோடு இந்தியாவில் முடிந்தது.

இதற்கு நேர்மாறாக ஒன்று சொல்கிறேன். பிளிப்கார்ட் கம்பெனி 2012-ல் 'பிளைட்' என்ற பெயரில் பாட்டுக் கடை வைத்தது. அங்கே வாடகை இல்லை. பாட்டை விலைக்கே விற்றார்கள். பூட்டுப் போடாத எம்.பி.3 பாட்டு. வியாபாரம் சரியாக நடக்கவில்லை. 2013-ல் மூடிவிட்டார்கள். அங்கே வாங்கிப் பத்திரப்படுத்தியவரிடம் அந்தப் பாட்டு இன்றும் ஓடும்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மாதம் 199 ரூபாய் என்றால் வருடத்துக்கு 2,388 ரூபாய். பத்து வருடத்துக்கு 23,880 ரூபாய். நடுவில் விலை ஏறாது என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு.

சரிகம கம்பெனி 2017-ல் 'கார்வான்' என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. பார்ப்பதற்குப் பழைய ரேடியோ போலவே இருக்கும். உள்ளே 5,000 பாட்டு. அப்போது விலை 5,990 ரூபாய். முதலில் இந்தியில் வந்தது. பிறகு தமிழிலும் வந்தது. பாட்டு ஒன்றுக்கு 1 ரூபாய் 20 காசு கூட ஆகவில்லை. இரண்டரை வருடச் சந்தாவில் ஒரு பெட்டி வந்துவிடும். அப்புறம் பெட்டி கெடும் வரை பாடிக்கொண்டே இருக்கும். இன்டர்நெட் வேண்டாம். பாஸ்வேர்டு வேண்டாம். வயதானவர்கள் அதை விரும்பி வாங்கியதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் போன வாரம் வெளியான பாட்டு அந்தப் பெட்டியில் இருக்காது. ஆப்பில் கோடிக்கணக்கான பாட்டு இருக்கிறது. நாளுக்கு ஒரு புதுப் பாட்டுக் கேட்கும் கல்லூரிப் பையன் ஒவ்வொன்றையும் விலைக்கு வாங்கினால், அவன் அப்பா கடன்காரர் ஆகிவிடுவார்! அவனுக்குச் சந்தாதான் லாபம். புதுப் பாட்டு வாடகையில் வரட்டும். வீட்டில் முப்பது வருடமாக ஒலிக்கும் ஐம்பது, அறுபது பாட்டுகளை மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது. சி.டி.யாக வாங்கலாம். எம்.பி.3 ஆக வாங்கலாம். ஒரு பென்டிரைவில் ஏற்றி, இன்னொரு பென்டிரைவில் நகல் வைக்கலாம். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கும்.

அமெரிக்காவிலும் இந்த யோசனை பலருக்கு வந்திருக்கிறது. அங்கே 2022-ல் சி.டி.யைவிட இசைத்தட்டு அதிகமாக விற்றது. 1987-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை!

திருப்பிப் போடு!

நாங்கள் பரணில் ஏறினோம்.

டேப் ரிக்கார்டரின் பெல்ட் இற்றுப் போயிருந்தது. பஜாரில் ரேடியோ ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெல்ட்டை மாற்றினார். ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். "கேசட்டை ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீங்க சார். காந்தம் பாட்டைத் தின்னுடும்" என்று எச்சரித்தார்.

ஐந்து கேசட்டில் ஒன்று பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டது. அதைக் காப்பாற்ற முடியவில்லை. மற்ற நாலும் பாடின. கேசட்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, பாட்டை பென்டிரைவில் ஏற்றினோம். ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போயிற்று. தம்பி முனகினான். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கவில்லை.

சந்தாவையும் கட்டிவிட்டோம். தம்பி மகளுக்குப் புதுப் பாட்டு வேண்டுமே!

இப்போது அடுப்படியில் பென்டிரைவ் செருகிய சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது. முதல் கேசட்டின் முதல் பக்கத்தில் கடைசிப் பாட்டு முழுதாக இல்லை. சரணம் நடுவில் நாடா தீர்ந்துவிட்டது. ரெக்கார்டிங் சென்டர்காரர் அப்படியே விட்டுவிட்டார். ஆப்பில் அது முழுப் பாட்டாகவே வந்தது. மூன்று வருடம் அப்படிக் கேட்ட பிறகும், பென்டிரைவில் பாட்டு பாதியில் நின்றதும், அம்மா மாவுக் கையோடு திரும்பிப் பார்த்து, "திருப்பிப் போடுப்பா" என்கிறார்.