ஓசூரில் தொடங்கி சூரியன் வரை... முடிவே இல்லாத 'பை' எண்ணைக் கண்ணால் பார்க்கலாமா?

'பை' என்றதும் கடைக்கு எடுத்துப்போகும் பை ஞாபகத்துக்கு வரலாம். இது கணக்குப் பாடத்து 'பை'. வளையலோ, வண்டிச் சக்கரமோ, எந்த வட்டத்தின் சுற்றளவையும் அதன் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் ஒரே எண். 3.14159265... என்று தொடங்கி, முடிவில்லாமல் நீளும். ஒரே வரிசை சுழன்று சுழன்று வரவும் செய்யாது. 1760-களிலேயே லாம்பர்ட் என்ற கணித அறிஞர் இதை நிரூபித்துவிட்டார்.

பட்டறைக்கு எவ்வளவு போதும்?

ஓசூர் சிப்காட் பக்கம் திரும்பினால் சக்கரமும் பல்சக்கரமும்தான். 1 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தைச் சுற்றி ஒரு பட்டை போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த 22/7-ஐ வைத்து வெட்டினால் பட்டை 1.3 மில்லிமீட்டர் கூடிவிடும். 3.14 என்றால் 1.6 மில்லிமீட்டர் குறையும். 3.1416 என்று எடுத்தாலோ, பிசகு 0.007 மில்லிமீட்டர்தான். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு!

விண்கலங்களின் பாதையைத் துல்லியமாகக் கணக்கிடும் நாசாவுக்கே புள்ளிக்குப் பின் 15 இலக்கங்கள் போதும். அப்படியானால் மீதி?

சாலையில் எழுதிப் பார்ப்போம்

ஓர் இலக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் இடம். ஓசூரில் ஆரம்பித்து கிருஷ்ணகிரி சாலையில் எழுதிக்கொண்டே போகிறோம்.

2015 மார்ச் 21-ல், வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ராஜ்வீர் மீனா கண்ணைக் கட்டிக்கொண்டு 70,000 இலக்கங்களை ஒப்பித்து கின்னஸ் சாதனை படைத்தார். ஏறக்குறைய 10 மணி நேரம் ஆனது. நம் சாலையில் அது 700 மீட்டர். சுமார் 50 கி.மீ. தள்ளியிருக்கும் கிருஷ்ணகிரியைத் தொட 50 லட்சம் இலக்கங்கள் வேண்டும்.

நம் ராமானுஜன் 1914-ல் வெளியிட்ட சூத்திரம் ஒன்றைக் கொண்டு, 1985-ல் பில் காஸ்பர் 1 கோடியே 75 லட்சம் இலக்கங்களுக்கு மேல் கணினியில் கண்டுபிடித்தார். அது 175 கி.மீ., ஏறத்தாழ வேலூர் வரை. 2022-ல் கூகுளின் எம்மா ஹருகா இவாவோ எட்டியது 100 லட்சம் கோடி இலக்கங்கள். அதற்குச் சாலை போதாது. 100 கோடி கி.மீ. ஆகும். சூரியனுக்கு மூன்று முறை போய்வந்தாலும் மிச்சம் இருக்கும்!

வண்ணம் தீட்டிப் பாருங்கள்

வீட்டுக் குழந்தைகளிடம் கட்டம்போட்ட நோட்டும் 10 வண்ணப் பென்சில்களும் கொடுங்கள். 0 முதல் 9 வரை ஆளுக்கொரு நிறம். புள்ளிக்குப் பின் வரும் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு கட்டம். 0-க்கான பென்சிலுக்கு 32-வது கட்டம் வரை வேலையே இருக்காது. முதல் 100 கட்டங்களில் 9-ன் நிறம் 14 முறை வரும். 0-ன் நிறம் 8 முறைதான்.

ஆனால், 10 லட்சம் கட்டங்கள் போனால் கதை மாறுகிறது. 9 வருவது 1,00,106 முறை. 0 வருவது 99,959 முறை. கிட்டத்தட்ட சமம்!

முடிவில்லாமல் போனாலும் இந்தச் சமநிலை நீடிக்குமா? நீடிக்கும் என்றுதான் கணித உலகம் நம்புகிறது. இதுவரை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. சக்கரத்துக்கு நான்கு இலக்கம் போதும். இந்தக் கேள்விக்கு 100 லட்சம் கோடியும் போதவில்லை. நாளை விடை சொல்லப்போவது, இன்று உங்கள் வீட்டில் கட்டத்துக்கு நிறம் தீட்டும் குழந்தையாகக்கூட இருக்கலாம்.