தாது வருஷத்துக் கால்வாய்

கோவில்பட்டிப் பக்கம் படகு என்றால் பிள்ளைகள் காகிதத்தில் செய்வதுதான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் கம்மாய் பெருகும். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இங்கிலாந்தில் ஏழடி அகலப் படகில், மணிக்கு நான்கு மைலைத் தாண்டாமல், வாரக்கணக்கில் கால்வாயிலேயே குடியிருப்பவர்களைக் காணொளியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படியொரு நீர்வழி நமக்கும் இருந்தது. சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806இல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வணிகர் வெட்டத் தொடங்கியது, பிறகு அரசின் கைக்குப் போய், ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமுக்கும் மரக்காணத்துக்கும் இடையே சுமார் 420 கிலோமீட்டர் உப்புநீர்ப் பாதையாக நீண்டது.

சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர்தான் நமக்கு நெருக்கமான துண்டு. அது தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78இல், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வானம் பொய்த்தால் என்ன ஆகும் என்று கரிசல்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தின் நிவாரணக் கூலியை, வைஸ்ராய் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா என்று குறைத்தார். ஒரு பவுண்டு அரைக் கிலோகூட இல்லை; மண் சுமக்கிற உடம்புக்கு எப்படிக் காணும்? சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். சில மாதங்களில் கூலியைக் கூட்டவேண்டி வந்தது. கால்வாய்க்குப் பெயர் மட்டும் ஆளுநர் பக்கிங்காம் பிரபுவுடையது. தாது வருஷத்துக் கால்வாய் என்றே நான் சொல்வேன்.

உப்பும் விறகும் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகளைக் கழி ஊன்றித் தள்ளினார்கள். கரையில் நடந்தபடி கயிற்றால் இழுத்தார்கள். மழைக் கரிசலில் அச்சுவரை புதையும் வண்டியை நெம்பியவர்களுக்கு, நீரில் பாரம் வழுக்கிப் போகும் சுகம் புரியும். பாரதிதாசன் நண்பர்களோடு இந்த வழியில் நிலா வெளிச்சத்தில் மாமல்லபுரம் போனதைத்தான் ‘மாவலிபுரச் செலவு’ என்று பாடினார். இழுக்கிற ஆளின் பாட்டையும் அவர் கவனித்தார். உல்லாசப் பயணிகள் பலருக்கு அந்தப் பார்வை வாய்ப்பதில்லை.

1965, 66 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. ரயிலும் லாரியும் சரக்கை எடுத்துக்கொண்டன. மிச்சத்தைச் சாக்கடை முடித்தது. 2008இல் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள், நல்ல அறிவிப்புதான். நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் போய் இறங்குகிறவர்கள், சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் ஏறி மயிலாப்பூர்ப் பக்கம் கீழே எட்டிப் பார்க்கலாம். அந்த ரயிலின் தூண்களையே கால்வாய்க்குள்தான் நட்டிருக்கிறார்கள்.